அரிப்புக்கு எந்தக் களிம்பு?

கை அரித்தால் எல்லோர் முன்னாலும் சொறியலாம். முதுகு அரித்தால், “கொஞ்சம் சொறிந்து விடடா” என்று பிள்ளையைக் கூப்பிடலாம்.

மறைவிடத்தில் அரித்தால்?

யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது?

பெரும்பாலோர் யாரிடமும் சொல்வதில்லை. மனைவி கணவனிடம் சொல்வதில்லை. மகள் தாயிடம் சொல்வதில்லை. வீட்டு அலமாரியில் ஏதாவது களிம்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பிள்ளையின் முழங்கால் புண்ணுக்கு வாங்கிய டியூப் ஒன்று பாதி மிச்சம் இருக்கிறது. “புண்ணை ஆற்றிய மருந்து அரிப்பை ஆற்றாதா?” என்று எண்ணி, அதைத் தடவிக் கொள்கிறார்கள்.

இரண்டு நாளில் குறைந்ததுபோல் தோன்றுகிறது. நாலாம் நாள் மறுபடியும் அரிப்பு. இன்னும் கொஞ்சம் தடவுகிறார்கள். வாரம் மாதம் ஆகிறது. டியூப் தீர்ந்து போகிறது. அரிப்பு தீரவில்லை.

ஏன் இப்படி?

பூட்டு வேறு, சாவி வேறு

முழங்கால் புண்ணுக்கு வாங்கிய அந்தக் களிம்பில் இருப்பது, பெரும்பாலும் “ஆன்டிபயாடிக்” என்னும் மருந்து. அது பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும். புண்ணில் சீழ் பிடிப்பதற்குக் காரணம் பாக்டீரியாதான். ஆகவே, அந்தப் புண் ஆறியது.

ஆனால், மறைவிடத்தில் உண்டாகும் அரிப்புக்குப் பல சமயம் காரணம் பாக்டீரியா அல்ல. காளான்!

காளான் என்றதும் மழைக்குப் பின் முளைக்கும் குடைக் காளான் நினைவுக்கு வரும். இதுவும் அதன் இனம்தான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மழைக்காலத்தில் மூலையில் கிடந்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூக்கிறதே, ஈரக் கரண்டி பட்ட ஊறுகாயில் படர்கிறதே, அந்தப் பூசணமும் இதே இனம். ஈரமும் வெப்பமும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். தொடை இடுக்கில் இரண்டும் உண்டு.

பாக்டீரியாவின் அமைப்பு வேறு. காளானின் அமைப்பு வேறு. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைக் கட்ட விடாமல் தடுத்து, பெனிசிலின் அதைக் கொல்கிறது. காளானுக்கும் சுவர் உண்டு. ஆனால், அது வேறு பொருளால் ஆன சுவர். பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. மற்ற ஆன்டிபயாடிக் களிம்புகளும் அப்படியே.

அப்படியானால், முதல் இரண்டு நாள் சுகமாக இருந்ததே, அது எப்படி? களிம்பின் வழுவழுப்பினால் தோலோடு தோல் உராய்வது குறைந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால், அந்த எண்ணெய்ப் பசை ஈரத்தையும் வெளியே போக விடாது. அது காளானுக்குத்தான் வசதி.

தபாலில் பிறந்த மருந்து

1928-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். 1943-இல் ஸ்டிரெப்டோமைசின் வந்தது. 1949-இல் நியோமைசின் வந்தது. இன்றும் பல புண் களிம்புகளில் இருப்பது இந்த நியோமைசின்தான். உலகம் முழுவதும் பாக்டீரியாவை ஒழிக்க மருந்து கிடைத்து விட்டது.

காளானுக்கு மட்டும் நல்ல மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் காளான் நோய் அதிகமாக வரவும் தொடங்கியது!

இதற்கு வழி கண்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் எலிசபெத் ஹேசன். மற்றவர் ரேச்சல் பிரௌன். இருவரும் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். ஹேசன் இருந்தது நியூயார்க் நகரம். பிரௌன் இருந்ததோ தொலைவில் உள்ள ஆல்பனி நகரம்.

ஹேசன் பல ஊர் மண்ணை வரவழைத்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்தார். காளானை எதிர்க்கும் உயிர் ஏதாவது தென்பட்டால், அதை ஜாடியில் அடைத்துத் தபாலில் பிரௌனுக்கு அனுப்புவார். பிரௌன் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்து, தபாலிலேயே திருப்பி அனுப்புவார். ஹேசன் அதைச் சோதித்துப் பார்ப்பார்.

இப்படிப் போய் வந்த பொருள்களில் பல, காளானைக் கொன்றன. ஆனால், எலியையும் கொன்றன! கடைசியில், வர்ஜீனியா மாநிலத்தில் ஹேசனின் நண்பருடைய பண்ணையில் எடுத்த மண்ணில் அவர்கள் தேடிய பொருள் கிடைத்தது. அது காளானைக் கொன்றது. எலியை விட்டு வைத்தது. 1950-இல் இருவரும் அதை உலகுக்கு அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரை வைத்து “நிஸ்டாடின்” என்று பெயரிட்டார்கள். 1954-இல் அது விற்பனைக்கு வந்தது.

அதன் மூலம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்தது. அந்தப் பணத்தை இருவரும் தங்களுக்கென்று எடுத்துக் கொள்ளவில்லை. விஞ்ஞான ஆராய்ச்சிக்கே கொடுத்து விட்டார்கள்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து காளானையும் கொல்லும் என்றால், அவர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை அல்லவா?

பெண்களுக்குத் துணை நிற்கும் கிருமி

கிருமி என்றாலே கெட்டது என்று நினைக்கக் கூடாது. நல்ல கிருமிகளும் உண்டு.

பெண்ணுறுப்பின் உள்ளே சில பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை அவை. 1892-இல் டோடர்லைன் என்ற ஜெர்மன் டாக்டர் அவற்றைப் பற்றி எழுதினார். அவை ஒரு புளிப்புச் சத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. இரவும் பகலும் காவல் காக்கும் கூர்க்கா மாதிரி!

“கேண்டிடா” என்ற காளானும் அங்கே சிறிதளவு இருக்கலாம். காவல் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும்.

ஆன்டிபயாடிக் மருந்துக்கு நல்ல பாக்டீரியா எது, கெட்ட பாக்டீரியா எது என்று தெரியாது. இரண்டையும் கொல்லும். காவல் குறைந்தால் கேண்டிடா பெருகும். அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். தயிர்க்கட்டி போல் வெள்ளை படும். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட சில நாளில் பெண்கள் சிலருக்கு அரிப்பு வருவது இதனால்தான்.

இது அபூர்வமான நோய் அல்ல. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும். கர்ப்பிணிக்கும் வரும்.

ஆனால், வெள்ளைபடுதல் எல்லாம் கேண்டிடா ஆகாது. நீர்த்த வெள்ளை, மீன் வாடை வீசினால் அது பாக்டீரியாவினால் வருவது. மஞ்சளாக, பச்சையாக, நுரையோடு வந்தால் அது வேறொரு கிருமியாக இருக்கலாம். அப்போது கணவன், மனைவி இருவருமே மருந்து சாப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து அல்ல. எது என்று வீட்டில் ஊகிப்பதைவிட, டாக்டரிடம் பரிசோதித்துக் கொள்வதே நல்லது.

ஆண்களைப் படுத்தும் படை

நாள் முழுவதும் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்கள், அடுப்பருகே நிற்கிறவர்கள், இறுக்கமான கால்சட்டை போடுகிறவர்கள், இவர்களுக்குத் தொடை இடுக்கில் படை வரும். இதைப் படர்தாமரை என்றும் சொல்வார்கள்.

இது வட்டமாகப் படரும். ஓரம் சிவந்து தடித்திருக்கும். நடுவில் ஆறியதுபோல் தெரியும். இதுவும் காளான்தான். ஆனால், கேண்டிடா அல்ல, வேறு இனம்.

இது எங்கிருந்து வருகிறது? பல சமயம் காலிலிருந்து! விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். உள்ளாடையைக் கால் வழியாக ஏற்றும்போது, அந்தக் காளானும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். தொடைக்கு மட்டும் மருந்து போட்டுக் காலை விட்டு விட்டால், படை திரும்பத் திரும்ப வரும்.

இது படைதானா என்று தெரிந்து கொள்வது டாக்டருக்குக் கஷ்டமில்லை. தோலை லேசாகச் சுரண்டி, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்ப்பார். காளான் இழை இழையாகத் தெரியும்.

களிம்பே அரிப்பாகும்!

சிலருக்குக் காளானும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. வாசனைச் சோப்பு ஒத்துக் கொள்ளாமல் அரிக்கும். முடி நீக்கும் கிரீம், மாதவிலக்குப் பட்டை, கிருமிநாசினித் தண்ணீர், இவற்றாலும் அரிப்பு வரும்.

ஆன்டிபயாடிக் களிம்பாலும் அரிப்பு வரும்!

நியோமைசின் சிலருடைய தோலுக்கு ஒத்துக் கொள்ளாது. தடவத் தடவத் தோல் சிவந்து, தடித்து, நீர் வடியும். “நோய் முற்றி விட்டது” என்று எண்ணி இன்னும் அதிகமாகத் தடவுவார்கள். அரிப்பும் அதிகமாகும். இப்படிப்பட்ட ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று, ஆண்டுதோறும் ஒரு பொருளைப் பொறுக்கி எச்சரிக்கை செய்வது வழக்கம். 2010-ஆம் ஆண்டு அவர்கள் பொறுக்கிய பொருள் நியோமைசின்.

மூன்று மருந்து, ஒரு டியூப்

ஆன்டிபயாடிக் களிம்பைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, காளானுக்கு ஒரு மருந்து, ஸ்டீராய்டு ஒன்று, மூன்றையும் கலந்த களிம்பு அது. “எதுவாக இருந்தாலும் கேட்கும்” என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள்.

ஸ்டீராய்டு என்ன செய்யும்? அரிப்பை உடனே அடக்கும். தடவியவருக்குப் பரம திருப்தி. ஆனால், காளானோடு போராடும் உடம்பின் சக்தியையும் அந்த இடத்தில் அடக்கி விடும். போலீஸ்காரரைத் தூங்க வைத்து விட்டால் திருடனுக்குக் கேட்கவா வேண்டும்? காளான் சத்தமில்லாமல் பரவும். களிம்பை நிறுத்தியதும் அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பும்.

படையின் உருவமும் மாறிப் போகும். வட்டம் தெரியாது, ஓரம் தெரியாது. டாக்டரே சட்டென்று அடையாளம் காண முடியாது. 1968-லேயே இங்கிலாந்து டாக்டர்கள் இதற்கு “மாறுவேடப் படை” என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள்.

தொடை இடுக்கில் தோல் மெல்லியது. அங்கே நாள்கணக்கில் ஸ்டீராய்டு தடவினால், தோல் இன்னும் மெலியும். பிரசவித்த பெண்ணின் வயிற்றில் இருப்பதுபோல் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் மறையா.

2018-ஆம் ஆண்டு இந்திய அரசு, பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இதில் இன்னொரு சிக்கல், பெயர்க் குழப்பம். “குளோட்ரிமசோல்” என்பது காளானைக் கொல்லும் மருந்து. “குளோபெட்டசால்” என்பது கடுமையான ஸ்டீராய்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வேலையோ நேர் எதிர். ஆகவே, வாய்ச் சொல்லாகக் கேட்டு வாங்கக் கூடாது. “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?” என்று கடையில் கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியும்.

அடங்காத காளான்

இந்தியாவில் சில ஆண்டுகளாகப் படை முன்போல் எளிதில் அடங்குவதில்லை. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பரவுகிறது. இதற்குக் காரணமான காளானுக்கு 2020-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் தனிப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே “இண்டோ” என்று இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. 2023-இல் அது நியூயார்க்கிலும் கண்டுபிடிக்கப்பட்டது. படைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்துக்கு அது பல சமயம் கட்டுப்படுவதில்லை.

கண்டபடி கலப்புக் களிம்புகளைத் தடவியதும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்று தோல் டாக்டர்கள் கருதுகிறார்கள்.

பாக்டீரியாவும் இப்படித்தான் பழகிக் கொள்ளும். கொஞ்சம் மருந்தைக் காட்டி அதைக் கொல்லாமல் விட்டால், அடுத்த முறை அந்த மருந்துக்கு அது அஞ்சாது. இந்த எச்சரிக்கையை 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது சொன்னவர், பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கேதான்.

வேண்டிய இடமும் உண்டு

அப்படியானால் ஆன்டிபயாடிக் களிம்பே கூடாதா?

அப்படி இல்லை. முடி மழித்த இடத்தில் சீழ்க் கொப்புளம் வந்தால் அது தேவைப்படலாம். சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலும் தேவைப்படலாம். தொடை இடுக்கில் பழுப்பு நிறத் திட்டாக வரும் ஒரு நோய், பார்ப்பதற்குப் படை மாதிரியே இருக்கும். ஆனால், அது பாக்டீரியாவினால் வருவது. ஒரு தனி விளக்கொளியில் பார்த்தால் பவழம் போல் சிவப்பாக ஒளி விடும். அதற்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து.

எந்த நோய்க்கு எந்த மருந்து என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

குழந்தைக்கு அரித்தால்

சிறு குழந்தை இரவில் ஆசனவாயைச் சொறிந்து கொண்டு அழுதால், கீரிப்பூச்சியாக இருக்கலாம். வெண்ணிற நூல் துண்டு போன்ற அந்தப் புழு, இரவில் வெளியே வந்து முட்டையிடும். பெண் குழந்தைக்கு முன்புறமும் அரிக்கும். இதற்குக் களிம்பு பயன்படாது. பூச்சி மாத்திரை வேண்டும். பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, மறைவிடம் எல்லாம் இரவில் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால், அது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று தோலைக் குடைவதால் வருவது அது. எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவினால்தான் தீரும்.

சர்க்கரையின் முன்னறிவிப்பு

மறைவிடத்தில் அரிப்பு அடிக்கடி வருகிறதா? போனது போல் போய்த் திரும்புகிறதா? ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

சர்க்கரை வியாதிக்காரரின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். காளானுக்கு அது விருந்து. ஆணுக்கு நுனித்தோல் சிவந்து வெடிக்கும். பெண்ணுக்கு அரிப்பு ஓயாது. தமக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே இந்த அரிப்பினால்தான் சிலருக்குத் தெரிய வருகிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை வரலாம். அப்போது மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

களிம்பைத் தடவி அரிப்பை மறைத்துக் கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் சர்க்கரை வெளிப்படாமலே போய் விடும்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வறட்சியால் அரிப்பு வரலாம். ஆனால், அந்த இடத்தில் வெண்திட்டு தோன்றினாலும், ஆறாத புண் அல்லது கட்டி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. அபூர்வமாக அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். சீக்கிரம் கண்டால் குணப்படுத்தலாம்.

செய்ய வேண்டியது என்ன?

வெறும் தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். சோப்பையும் கிருமிநாசினியையும் உள்ளே விடாதீர்கள். தயிர், எலுமிச்சை, பூண்டு எதையும் தடவிச் சோதனை செய்யாதீர்கள்.

குளித்த பின் ஈரம் போகத் துடைத்து விட்டு உடுத்துங்கள். தளர்ந்த பருத்தி உள்ளாடை நல்லது. தினமும் மாற்றி, துவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். வெட்கப்பட்டு உள்ளாடையை மூலையில் நிழலில் உலர்த்த வேண்டாம். ஆளுக்கொரு துண்டு வைத்துக் கொள்ளுங்கள்.

டாக்டர் கொடுத்த மருந்தை, அரிப்பு நின்ற அன்றே நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் வரை போடுங்கள். மிச்சத்தை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து என்று பொருள்.

முதல் தடவை அரிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், குழந்தைகள், இவர்களுக்கு ஊகித்து மருந்து போடவே கூடாது. காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், துர்நாற்றம் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பெண்கள் மருத்துவப் பிரிவும் இருக்கிறது. பெண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் அப்படியே கேட்கலாம். வாய் கூசினால், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். “மறைவிடத்தில் அரிப்பு, இத்தனை நாளாக, இன்ன களிம்பு போட்டேன்.” இந்த மூன்றும் போதும். தடவிய டியூபையும் கையோடு கொண்டு போங்கள்.

டாக்டர் சிரிக்க மாட்டார். முகம் சுளிக்கவும் மாட்டார். அன்று காலையில் அவர் பார்த்த நோயாளிகளிலேயே இன்னும் இரண்டு பேர் இதைச் சொல்லத் தயங்கி நின்றிருப்பார்கள்.